இருபது யார் தூரம்

— அண்ணை, சைக்கிளை அந்தப் பூவரசிலை சாத்திப்போட்டு நடந்து வாங்கோ.

— சாத்திப் பூட்டும் போட்டிட்டன், மலர். உன்ரை காலை முறிச்ச சைக்கிள். இனி உனக்குக் கிட்ட வராது.

— சைக்கிளிலை என்ன பிழை.

— ஓம், ஓட்டினவனிலைதான். தங்கச்சி அரைமைலை எத்தினை நிமிசத்திலை ஓடுறாள் எண்டு கை மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு மிதிச்சு, அந்தத் தங்கச்சியிலையே கொண்டுபோய் ஏத்தின பயிற்சியாளர் இந்த அரியாலை ஊரிலை நான் ஒருத்தன்தான், விளங்குதோ? வேலை செய்யிற கந்தோரிலை இப்பவும் என்னைக் கண்டால் மேசையிலை தட்டி சைக்கிள் மணி மாதிரி அடிக்கினம்.

— நாலு மாதமாய் இதைத்தானே சொல்லுறியள்.

— சரி, விடு. இந்தா, புது அட்டவணை. ஒரே றோட்டிலை ஒரே மாதிரி ஓடினால் முறிஞ்ச கால் திரும்பவும் நோகுமாம். அதாலை திங்கள் இந்த மணலிலை மெல்லோட்டம். செவ்வாய் நடை மட்டும். புதன் வயல் வரம்பு. வியாழன் நூறு யார் தூரம் பறக்கிறது, நூறு யார் நடக்கிறது. வெள்ளி ஓய்வு.

— வெள்ளி நல்லாய் இருக்கு.

— பகிடி விடாதை. மற்ற நாளுகள்?

— எழுத்து வடிவாய் இருக்கு அண்ணை.

— காலைக் கேட்டால் எழுத்தைச் சொல்லுறாய். நோகுதோ?

— இல்லை.

— அப்ப ஏன் பாண் கடை வரிசையிலை கடைசியாய் நிக்கிற ஆள் மாதிரி முகத்தை வைச்சிருக்கிறாய்?

— களைப்பு.

— இன்னும் ஓடவே தொடங்கேல்லையே.

— ஓம்.

— கொழும்புப் போட்டிக்கு ஒன்பது கிழமை இருக்கு. நீ அதிலை ஓடினால்தான், பிள்ளை, எனக்கு ஒழுங்காய் நித்திரை வரும். அம்மா என்னை ஒண்டும் பேசேல்லை. என்ரை சோத்துக் கோப்பையிலை மீன் தலையை மட்டும் போடுறா. எங்கடை வீட்டிலை ஓடத் தெரிஞ்சது நீ ஒருத்தி. நான் பஸ்ஸுக்கும் ஓடாத ஆள். அந்த ஒருத்தியையும் நிப்பாட்டிப்போட்டன்.

— நீங்கள் நிப்பாட்டேல்லை.

— பின்னை ஆர்? எனக்கு ஒண்டுதான் இன்னும் பிடிபடேல்லை, மலர். நீ எனக்கு இருவது யார் தூரம் முன்னாலை போனாய். நான் உன்ரை வேகத்துக்குத்தான் மிதிச்சனான். குனிஞ்சு மணிக்கூட்டைப் பாத்து நிமிர முன்னம் உன்னிலை கிடக்கிறன். அந்த இருவது யார் தூரமும் எங்கை போச்சு?

— உந்த அட்டவணையை மடிச்சு வையுங்கோ.

— கேட்டதுக்கு நேரை ஒரு மறுமொழி சொல்லன், பிள்ளை.

— ஆஸ்பத்திரியிலை வைச்சே சொல்லியிருப்பன். கால் முறிஞ்ச என்னைவிட நீங்கள்தான் கூட அழுதியள். அண்டைக்கு நான் ஓடிக்கொண்டிருக்கேல்லை, அண்ணை. நிண்டிட்டன். எனக்கு இனி ஏலாது, ஓடினது காணும், விடப்போறன் எண்டு உங்களுக்குச் சொல்லத்தான் திரும்பினனான்.