ஒரு குழி தள்ளி

இட்லித் தட்டில் மாத்திரை வைப்பது நல்ல யோசனைதான், மேடம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டில் ஆறு குழி, பெண்கள் அறையில் ஆறு கட்டில். ஒருவர் மாத்திரை இன்னொருவர் மாத்திரையோடு கலக்காது. கழுவுவது சுலபம், கைதவறி விழுந்தாலும் உடையாது. நர்ஸ் ஷாஹிஸ்தா இதைக் கொண்டுவந்தபோது, முதியோர் இல்லத்தின் உரிமையாளர் அன்பழகன் வருகிறவர்களிடமெல்லாம் தட்டைக் காட்டிப் பெருமைப்பட்டார். என்னிடமும் காட்டினார். நானும் பாராட்டினேன்.

நீங்கள் கேட்டது முடிச்சைப் பற்றி. அதற்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எழுதுகிறவருக்கு வசதி. என் பிழைப்பும் அதுதான்.

நாமக்கல்லில் வக்கீல் வீரபாகுவிடம் இருபத்திரண்டு வருஷமாக நான் குமாஸ்தா. லாரி மோதியவர்கள், லாரியிலிருந்து விழுந்தவர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டியில் கை போனவர்கள் என்று எத்தனையோ பேருடைய இழப்பீட்டு மனு நான் எழுதியது. வக்கீல் கையெழுத்து மட்டும் போடுவார். இந்த வேலையில் முதலில் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. யார்மேல் தப்பு என்பது இரண்டாவது. என்ன சேதம் என்பதுதான் முதலாவது. தப்பு மலையளவு இருந்தாலும் சேதம் இல்லையென்றால் மனு நிற்காது.

கந்தம்மாள் என் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அக்கா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகத் தறிப்பட்டறைக்குப் போவேன். பாவில் அறுந்த இழையைப் பிணைக்க அங்கேதான் கற்றுக்கொடுத்தாள். இடக்கை விரலில் இரண்டு நுனியையும் குறுக்கே வைத்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

"நுனி நீட்டிக்கிட்டு நிக்கப்படாது சாமி. துணியத் தடவிப் பாத்தா முடிச்சு எங்கிருக்குன்னே தெரியப்படாது" என்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "மொதல்ல இவனுக்கொருத்தியக் கட்டி வெக்கறேன், அப்பறம் என்னயக் கேளுங்க" என்று சிரிப்பாள். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்தான், சாமி. தண்ணீர் வேண்டுமென்றாலும் சாமி, வலித்தாலும் சாமி, என்னைக் கண்டாலும் சாமி. வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. பரமத்தி வேலூரில், வெற்றிலைத் தோட்டங்களைத் தாண்டி இருக்கும் அந்த இல்லத்தில் சேர்த்தேன். மூன்றாம் கட்டில். ஜன்னல் ஓரம்.

அது தற்காலிக ஏற்பாடுதான், மேடம். பரமத்தி ரோட்டில் நான் கட்டும் வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது. அதன் வரைபடத்தைப் பாருங்கள். கீழே முன்பக்கத்தில் ஒரு அறை, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளத்தோடு. அது அக்காவின் அறை. மேல்தளம் போட்டுவிட்டால் அவளை அழைத்துவந்துவிடலாம் என்று நானும் என் மனைவி கயல்விழியும் பேசிக்கொள்வோம். தளம் போடத்தான் வழி இல்லை.

ஜனவரியில் ஒரு காலை ஷாஹிஸ்தா போன் செய்தாள்.

"அண்ணா, தப்பு என்மேலதாங்க. அக்காவுக்கு நாலாம் கட்டில் மாத்திரையக் குடுத்துட்டேன். இப்ப நல்லாயிருக்காங்க. ஆனா நீங்க வேற யாரும் சொல்லிக் கேக்கக்கூடாது, நானே சொல்லணும்னு கூப்பிட்டேன்."

நடந்தது இதுதான். மாத்திரைகளைக் குழிகளில் வைத்த பிறகு, மேசையைத் துடைக்க வந்த பெண் தட்டைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டாள். வட்டத் தட்டு, எங்கிருந்து எண்ணுவது என்பதற்கு அடையாளம் இல்லை. நாலாம் கட்டில் அங்கம்மாளின் சர்க்கரை மாத்திரை என் அக்காவுக்குப் போனது. அக்காவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அரை மணியில் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. ஷாஹிஸ்தா பார்த்தவுடன் புரிந்துகொண்டு சர்க்கரைத் தண்ணீர் புகட்டிச் சரிசெய்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். சேலத்தில் படித்தவள்.

நான் போனபோது அங்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கண்ணில் புரை, ஆனால் வாய் ஓயாது.

"வா சாமி. என்ற மாத்தரைய உங்கக்கா முழுங்கிட்டாளாம். அப்படியே என்ற சக்கரையவும் அவளே எடுத்துக்கிட்டான்னா நானு ஒரு லட்டு திம்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷாஹிஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. அன்றே ஒரு சிவப்பு நூல் எடுத்து, தட்டின் விளிம்பில், முதல் கட்டிலின் குழிக்கு நேராக இருக்கும் ஓட்டையில் கட்டினாள். ஒவ்வொரு குழிக்கு நேராகவும் விளிம்பில் அப்படி ஒரு ஓட்டை உண்டு. நூல் இருக்கும் குழியிலிருந்து எண்ணி வைப்பது, நூல் இருக்கும் குழியிலிருந்து எண்ணிக் கொடுப்பது. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். தயங்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொண்டுபோனேன். இல்லத்துக்கு இன்சூரன்ஸ் இருப்பதையும் சொன்னேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கக்கா இப்ப எப்படியிருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"அப்பறம் என்னத்துக்கப்பா இழப்பீடு? லாரி ஒரசாமப் போனதுக்குக் காசு கேக்கற மாதிரி இருக்குது. உனக்குத் தெரியாததா? காயத்தோட வா, நானே நின்னு வாதாடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னது சரி. கையில் இருந்தது முதல்தரமான கடிதம். தப்பு செய்தவரே ஒப்புக்கொண்டு எழுதியது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு ஆவணம் எனக்குக் கிடைத்ததில்லை. சேதம் ஒன்றுதான் குறை. மறுபடியும் அதே தப்பு நடந்தால், முன்பே எச்சரிக்கை இருந்தும் கவனக்குறைவு என்று எழுதலாம். அது இன்னும் பலமான மனு.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அக்கா சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறுபத்தொரு வயதில், வருமானம் இல்லாத ஒருவர் இறந்தால் இழப்பீட்டை வெட்டிக் குறைப்பார்கள். அதே ஆள் நினைவு மங்கி, ஆயுள் முழுக்க ஆள் வைத்துப் பார்க்கும் நிலையில் உயிரோடு இருந்தால் அப்படிக் குறைக்க முடியாது. அக்காவுக்கு ஏற்கெனவே பாதி உடம்பு இல்லை. பேச்சும் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்று எனக்குப் பட்டது. அறை மட்டும் கிடைத்துவிடும்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உறவினர்கள் வந்து தங்கள் கையால் ஊட்டலாம் என்பது அந்த இல்லத்தின் வழக்கம். முந்தின நாளே போன் செய்து, "அக்காவுக்கு டிபன் கொடுக்க வேண்டாம், நான் கொண்டு வாரேன்" என்று சொல்லியிருந்தேன். டிபன் கேரியரைக் கொண்டுபோனேன். அதற்குள் ஒன்றும் இல்லை. வெறும் வயிறாக இருந்தால்தான் மாத்திரை சரியாக வேலை செய்யும்.

ஷாஹிஸ்தா மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, முதல் கட்டிலில் இருப்பவரைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனாள். தட்டு ஜன்னல் மேசையில் இருந்தது. அக்காவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில். நூலை அவிழ்த்து ஒரு குழி தள்ளிக் கட்டினேன். அவ்வளவுதான் வேலை. அப்படிக் கட்டினால் ஒவ்வொருவருக்கும் அடுத்த கட்டிலின் மாத்திரை போகும். மற்றவர்களுடைய மருந்துச் சீட்டுகளை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். ஒரு வேளைக்குப் பெரிதாக எதுவும் ஆகாது என்றுதான் தோன்றியது.

ஷாஹிஸ்தா வந்தாள். நூலைப் பார்த்தாள், வரிசையாகக் கொடுத்தாள். நூல் இருக்கும்போது மாத்திரையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மூன்றாம் கட்டிலுக்கு வந்தபோது நான், "அக்கா சாப்பிட்டாச்சு" என்றேன். மாத்திரை கொடுத்தபின் அக்கா தூங்கினாள். எழுப்ப வேண்டாம் என்று ஷாஹிஸ்தாவிடம் சொன்னேன். இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, ரொம்ப நேரமாத் தூங்கறாங்களே?"

"ராத்திரி தூங்கலையாம். நான்தான் கூடவே இருக்கறேனே."

"நீங்க இருந்தாச் சரிங்க" என்று போய்விட்டாள்.

அக்காவின் நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடக்கை இரண்டு முறை வெட்டி இழுத்தது. மேசையில் சர்க்கரை டப்பா இருந்தது. எத்தனையோ மருத்துவச் சான்றுகளைப் படித்தவன் நான். எவ்வளவு காயம் போதும் என்பதில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பில் கொஞ்சம் பிசகிவிட்டது. நான் குரல் கொடுத்தபோது நேரம் கடந்திருந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். கண் விழிக்காமலே போய்விட்டாள்.

அங்கம்மாள் விஷயம் நான் எதிர்பாராதது. ஐந்தாம் கட்டிலின் வலிப்பு மாத்திரை, தூக்கம் வரவைப்பது, அவருக்குப் போனதில், பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவருடைய மகன் அம்மாசி என்னிடம்தான் மனு எழுத வந்தார். எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஷாஹிஸ்தாமேல் புகார் எழுதியதும் நான்தான். அவள் மறுக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். "நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்" என்று அழுதாளாம். அந்த அண்ணன் பாவம், டிபன் கேரியரைக்கூடத் தானே கழுவித் துடைத்து வைத்திருந்தார், அவ்வளவு நல்லவர் என்றாளாம். அவளை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மேடம். அவள் சரியாகத்தான் எண்ணினாள்.

இனி முடிச்சு. நீங்கள் அந்தத் தட்டை மேசையில் வைத்து, நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவும் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர்தான் என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஷாஹிஸ்தா கட்டுவது பூக்காரி கட்டுவதுபோலப் பெரிய முடிச்சு, நுனி இரண்டும் தொங்கும். இதில் நுனியே இல்லை. அவசரத்தில் கை தனக்குத் தெரிந்ததைத்தான் கட்டும். தடவினால் தெரியாத முடிச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தரப்புக்கு அது முக்கியம்.

நான் நூலைக் கட்டும்போது அக்கா விழித்துத்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு சரியாக விழுகிறதா என்று பட்டறையில் பார்ப்பாளே, அப்படி. பிறகு ஷாஹிஸ்தா மாத்திரையை நீட்டியபோது வாயை இறுக மூடிக்கொண்டாள். தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன புதுசா அடம் புடிக்கறாங்க? அண்ணா, நீங்க குடுங்க, வாங்கிக்குவாங்க" என்று ஷாஹிஸ்தா மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அக்காவின் மாத்திரை ஒன்று சிவப்பு, ஒன்று பாதி மஞ்சள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்ப்பது. என் கையில் இருந்தவை இரண்டும் வெள்ளை. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சாமி" என்றாள். அதற்குத் தண்ணீர் என்று அர்த்தமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. நான் கையை நீட்டினேன். அவள் வாயைத் திறந்தாள்.

நான் கட்டாயப்படுத்தவில்லை, மேடம். எல்லாம் தெரிந்து, அவளாகவே திறந்தாள். அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா எனக்கு எதையும் இல்லையென்று சொன்னதே கிடையாது.