அந்தரத்தில் ஒரு கை

— அது வேணாங்க மொதலாளி. இன்னும் வேகமா புடிக்கிறதா ஒண்ணு காட்டுங்க.

— அண்ணன், இதுவே செக்கனுக்கு பத்துப் படம் எடுக்கும். நீங்க கண்ண மூடித் தொறக்க முந்தி பத்து. இன்னும் என்ன வேகம் வேணும்? ரொக்கட்டயா படம் எடுக்கப் போறீங்க?

— ரொக்கட்டு இல்லீங்க. ஆளுதான்.

— ஆள் ஓடுவாரா, பாய்வாரா? அதச் செல்லுங்களேன். கிரிக்கட்டுக்கு ஒண்டு ஈக்கி, கலியாணத்துக்கு ஒண்டு ஈக்கி, ட்ரிப் போற ஆக்களுக்கு பொக்கட்டுல போடுறது ஒண்டு ஈக்கி. வேலயச் செல்லாம சாமானக் கேட்டா நான் எப்பிடி எடுத்துத் தாற?

— ட்ரிப்புக்குத்தாங்க. ட்ரிப்பு போன எடத்துல ஆளு அசையும்ல? அசையறத நிப்பாட்டிப் புடிக்கணும். ஒங்க கட வாசல்ல ஒட்டியிருக்கீங்களே, "அசைவை நிறுத்தும், சுற்றுலாவுக்கு ஏற்றது"ன்னு. அந்தக் கெமராதான் வேணும்.

— அந்தப் போஸ்டர வாசிச்ச மொத ஆள் நீங்கதான். றம்லத், கேட்டியா? ஒட்டினது வீண் போகல்ல.

— கேட்டேன், கேட்டேன். புருசன்ட பெருமையக் கேக்கத்தானே என்னக் கலியாணம் முடிச்சீங்க. அண்ணன், நீங்க நம்மட ரோட்டக் கூட்டுறவர்தானே? விடியக் கட தொறக்கக்கொள்ள ஒங்களக் காணுற நான்.

— ஆமா தங்கச்சி. முனிசிப்பல்ல வேல. மயில்வாகனம்னு பேரு. அந்த எழுத்த வாசிக்க எனக்கு மூணு நாளு ஆச்சு. நாப்பது வயசுக்கு மேலதான் எழுத்துக் கூட்டவே கத்துக்கிட்டேன். மவதான் சொல்லிக் குடுத்துச்சு. மொத நாளு "அசைவை" மட்டும் வாசிச்சேன். அதுக்குள்ள மேஸ்திரி சத்தம் போட்டாரு, போயிட்டேன். மறுநாளு "நிறுத்தும்". மூணாவது நாளு ரெண்டையும் சேத்து வாசிச்சேன் பாருங்க, வெளக்குமாறு கையில நிக்கல. கீழ விழுந்துருச்சு.

— அல்லாவே! இவ்வளவு பாடுபட்ட மனுசனுக்கு நல்லதாக் குடுங்க. ஒங்கட மச்சானுக்குக் குடுத்த மாதிரி தலய வெட்டுற கெமராவக் குடுக்காதீங்க.

— தலய வெட்டினது கெமரா இல்ல, ஒன்ட தம்பி. சரி, மயில்வாகனம் அண்ணன், இந்தா இதப் பாருங்க. மத்தவன் பாவிச்சதுதான், ஆனா புதுசு மாதிரி ஈக்கி. ஒரு செக்கன ரெண்டாயிரம் துண்டா வெட்டினா ஒரு துண்டு வருமே, அந்தத் துண்டுக்குள்ள படத்த எடுத்து முடிச்சிடும். வாசலப் பாருங்க. அந்தா ஒரு த்ரீவீல் வருது. இருங்க, இருங்க... எடுத்தாச்சு. இப்ப இதுல பாருங்க.

— அட சாமி! சக்கரம் நிக்குதே!

— சக்கரத்த உடுங்க. டிரைவர்ட வாயப் பாருங்க.

— வெத்தல எச்சி. அப்பிடியே அந்தரத்துல நிக்குது.

— எங்க, காட்டுங்க பாக்க? இந்த மனுசன்தான் தெனமும் நம்மட வாசல்ல துப்புற. கேட்டா நான் இல்லண்டு சத்தியம் பண்ணுற. இண்டைக்கு நல்ல அத்தாட்சி.

— பொட்டுப் பொட்டா நிக்குது தங்கச்சி. எண்ணிப்புடலாம் போல இருக்கு. மொதலாளி, அப்ப விழுந்துக்கிட்டு இருக்குற ஒரு ஆள எடுத்தா?

— அப்பிடியே ஆகாயத்துல நிப்பார்.

— கையி? வெரலு?

— நகத்துல அழுக்கு ஈந்தாலும் தெரியும்.

— வெரலு மடிஞ்சிருக்கா, விரிஞ்சிருக்கான்னு தெரியுமா?

— என்னண்ணன், கராட்டி படிப்பிக்கிறீங்களா?

— இஞ்சாருங்க, வெளயாடாதீங்க. அவர்ட மொகத்தப் பாருங்க.

— இதையே எடுத்துக்கறேன் மொதலாளி. ஆனா மொதப் படத்த இங்கனயே நீங்க எடுத்துக் குடுத்துருங்க. எனக்கு இதெல்லாம் அமுக்கத் தெரியாது.

— அதுக்கென்ன. யார எடுக்க? ஒங்களயா?

— ஆள இல்ல. இந்தப் படத்த.

— படத்தயா? கொண்டாங்க. இது போன்ல எடுத்து பிரிண்ட் போட்டதுல்லா? ஒண்டும் வெளங்குதில்லயே. றம்லத், அந்த லைட்டப் போடு.

— கலங்கிப் போயிருக்குங்க. எடுத்த புள்ள அமுக்குன நேரம் ஆளு அசைஞ்சிருச்சு. அதான் சொல்றேன், இந்தப் படத்த இப்பிடி மேசயில வச்சு ஒங்க கெமராவால எடுத்தீங்கன்னா, இதுல அசையறது எல்லாம் நின்னுரும்ல? வெரலு தெளிவா வந்துரும்ல?

— அண்ணன்...

— சொல்லுங்க மொதலாளி.

— அது அப்பிடி இல்ல அண்ணன்.

— ஏங்க, வெத்தல எச்சி நின்னுச்சே?

— அது அசஞ்சுகொண்டு ஈக்கக்கொள்ள எடுத்தது. இது எடுத்து முடிஞ்ச படம். எப்பிடிச் செல்ற ஒங்களுக்கு... நேத்து பேஞ்ச மழைக்கி இண்டைக்கி கொட புடிக்க ஏலுமா?

— நேத்து மழைக்கி.

— ஓ.

— அப்ப, அந்த எழுத்து பொய்யா?

— பொய் இல்ல. நடந்துகொண்டு ஈக்கிற அசைவத்தான் நிப்பாட்டும். நடந்து முடிஞ்சத எந்தக் கெமராவும் நிப்பாட்டாது.

— அத எழுதலயே மொதலாளி. நான் மூணு நாளு கூட்டி வாசிச்சேன். அத எங்கயும் எழுதலயே.

— கதிரையில இருங்க அண்ணன். இஞ்சாருங்க, அந்த ஃபேனப் போடுங்க. அண்ணன், இந்தப் படத்துல செவப்பா ஈக்கிறது சாரியா? யாரு இது?

— என் பொஞ்சாதி. இராஜகுமாரி. போன சித்திரையில முனிசிப்பல் ஆளுங்க எல்லாம் சேந்து பஸ்ஸு புடிச்சுப் போனோம். புசல்லாவையத் தாண்டி ஒரு அருவி. பாற மேல நின்னு ஒரு படம் எடுக்கணும்னா. அந்தப் படந்தாம்மா இது. அடுத்த படத்துல அவ இல்ல.

— இன்னா லில்லாஹி. எனக்குத் தெரியாது அண்ணன். கராட்டி அது இதுண்டு செல்லிட்டேன்.

— ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? இந்தாங்க, இங்கன பாருங்க, ஓரத்துல. இது ஒரு கை.

— ஓ, கைதான். சேட்டு நுனி தெரியுது. மொகம் படத்துல இல்ல. யாருட கை?

— கிட்ட நின்ன ஆளு.

— புடிக்கப் போயிருப்பார், பாவம்.

— எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. பொலிசுலயும் அதத்தான் எழுதுனாங்க. புடிக்கப் போனான், எட்டலன்னு. ஆனா எம் மவ நிரோஷினி இந்தப் படத்தப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "இது புடிக்கிற கையா, அடிக்க ஓங்குன கையா?" அவ்வளவுதான். அன்னைக்கு குண்டசாலைக்கு சித்தி வீட்டுக்குப் போனது இன்னும் வரல. பதிலக் கொண்டாங்க, வாரேன்னு சொல்லிருச்சு.

— அடிக்கவா? அந்தாள் என்னத்துக்கு அடிக்க?

— குடிச்சிருந்தான். பஸ்ஸுலயே ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்ட. வழுக்குற பாறயில ஏறாதன்னு அவன் சொன்னான். நீ சொல்லி நான் கேக்கவான்னு அவ சிரிச்சா. எல்லாருக்கும் முன்னால சிரிச்சா. அவனுக்குக் கை நீளுற பழக்கமும் இருந்துச்சு.

— அப்ப நீங்க எங்க ஈந்தீங்க?

— அங்கனதான் மொதலாளி. கிட்டத்துலதான்.

— ஈந்துமா ஒண்டும் காணல்ல?

— இஞ்சாருங்க, அவரக் கேள்வி கேட்டது போதும். படத்த கொம்பியூட்டர்ல போட்டு பெரிசாக்கிப் பாப்பம். கொண்டாங்க.

— பெரிசாக்கினா கட்டம் கட்டமாத்தான் வரும் றம்லத். ஆ, பாரு, நான் செல்லல்ல? புட்டு அவிச்சுக் கொட்டின மாதிரி ஈக்கி. இரு, ஒரு வேல செய்வம். இப்ப புதுசா ஒண்டு வந்து ஈக்கிதானே, மங்கின படத்தக் குடுத்தா துப்பரவாக்கித் தாறது. அதுல போடு.

— போட்டுட்டேன். சுத்துது. கொஞ்சம் இருங்க அண்ணன்.

— வருமா தங்கச்சி?

— வருது. இந்தா... வந்துட்டு.

— விரிஞ்சிருக்கு! மொதலாளி, விரிஞ்சிருக்கு பாருங்க! அஞ்சு வெரலும் விரிஞ்சிருக்கு. புடிக்கத்தான். புடிக்கத்தான் போயிருக்கு அந்தக் கை. மாரியாத்தா, ஒரு வருஷமா நான்... தண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.

— குடிங்க அண்ணன். குடிச்சிட்டு ஒண்டு செல்லுங்க. அந்தாளுக்கு வெரல்ல மோதிரம் ஈந்தா?

— மோதிரமா? அவனுக்கு ஏதும்மா மோதிரம்?

— இஞ்ச ஒரு மோதிரம் ஈக்கி. கல்லு வச்சது.

— அப்ப?

— இருங்க. இன்னொருக்கா அமத்திப் பாப்பம்.

— வேணாம் றம்லத். வந்தது நல்லா வந்து ஈக்கி, உடு.

— உட ஏலாது. பாருங்க, இது ரெண்டாவது தரம்.

— மடிஞ்சிருக்கு.

— ஓ. இப்ப மூணாவது தரம் அமத்துறேன்.

— இதுல... கையில என்னம்மா அது?

— போன். இப்ப கையில போன் புடிச்சு ஈக்கி. வெளங்குதா அண்ணன்? இது தெரிஞ்சு போடுறதில்ல, நெனச்சுப் போடுற. நாங்க மூணு பேர்ட்ட கேட்டா மூணு பேரும் மூணு விதமாச் செல்லுவோமே, அது மாதிரி.

— கண்ணால காணாததே மூணு விதமாச் சொல்லுதா.

— அண்ணன், நான் ஒண்டு செல்லட்டா? அந்த மொதப் படத்துல மோதிரத்த நான் அழிச்சுத் தாறேன். விரிஞ்ச கை. நல்ல பேப்பர்ல பிரிண்ட் போட்டு சும்மா தாறேன். மகள்ட கையில குடுங்க. புள்ள வந்து சேரட்டும்.

— அது பொய்யில்லயா? நாளைக்கு அல்லாஹ்ட்ட நீங்களா பதில் செல்லுவீங்க?

— ஒரு புள்ள வீட்டுக்கு வரும் றம்லத்! அதுக்கு நான் பதில் செல்லிக்கிறேன்.

— வேணாங்க மொதலாளி. குடுத்தா மவ நம்பிரும். அது ஒடனே நம்பிரும். எனக்குத் தெரியுமே, அது செஞ்சு வச்ச கைன்னு. தெனம் அந்தப் படம் செவுத்துல தொங்கும். அத என்னால பாக்க முடியாது.

— அப்ப என்னதான் செய்யப் போறீங்க?

— தெரியல. கொழும்புல இதவிடப் பெரிய கட இருக்கா?

— எங்க போனாலும் இதுதான் அண்ணன். படத்துக்குத் தெரியாது. கெமராவுக்கும் தெரியாது. தெரிஞ்சவன் ஒலகத்துல ஒரே ஒருத்தன்தான், அந்தக் கைக்குச் சொந்தக்காரன். போய் அவன்ட சேட்டப் புடிச்சுக் கேளுங்க, அடிக்க ஓங்கினியா, புடிக்க நீட்டினியாண்டு.

— இஞ்சாருங்க, வாய மூடுங்க!

— நான் என்னத்துக்கு மூட? அவன் உசிரோடதானே ஈக்கான்?

— இருக்கான் மொதலாளி. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒரு வருஷமா, ரோட்டக் கூட்டுறப்ப எல்லாம். அடிக்க ஓங்கினேனா, புடிக்க நீட்டினேனான்னு எனக்கே தெரியலீங்க.