மாப்பிள்ளையின் பிக்கப் வண்டி

துருவை நான் குறை சொல்லமாட்டேன். இரும்பு என்றால் துருப்பிடிக்கத்தான் செய்யும். அதனால்தான் என் பட்டறை ஓடியது. தாயில்லாத மகளை வளர்த்து ஆளாக்கியதும் அந்த வருமானத்தில்தான்.

மாப்பிள்ளை வாங்கி வந்த பிக்கப் வண்டி அவரைவிட வயதில் மூத்தது. உருண்டை முகம், பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. "பாருங்க மாமா, ராஜா மாதிரி இருக்குல்ல?" என்றார். நான் அடியில் படுத்துப் பார்த்தேன். மேலேதான் ராஜா, அடியில் ஆண்டி. முன்சீட்டுக்குப் பின்னால், மொத்தப் பாரத்தையும் தாங்குகிற சேஸிஸில், துரு தின்ற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

அதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டீர்கள். முடியும், இன்ஸ்பெக்டர் ஐயா. வண்டியை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, நல்ல இரும்பு தெரிகிறவரை கெட்டதை வெட்டியெடுத்து, புதுத் துண்டைப் பற்றவைத்து, மேலே தகடு போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

மாப்பிள்ளை மோசமானவர் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். குடிக்கமாட்டார், மகள் மீது கை வைத்ததில்லை. அவர் செய்ததெல்லாம், கடலோரத்தில் ஒரு வேலை தேடிக்கொண்டதுதான். அந்த வண்டியிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கே குடியேறப் போவதாகச் சொன்னார்.

மகளிடம் கெஞ்சினேன். சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு அவள் காலைப் பிடித்தேன்.

"எழுந்திரிங்கப்பா," என்று அழுதாள். "எங்க போனாலும் பின்னாடியே வந்து நிக்கிறீங்க. ஃபோன் எடுக்கலன்னா வாசல்ல வந்து நிக்கிறீங்க. அங்க போனாத்தான்ப்பா என்னால மூச்சு விட முடியும்."

புருஷன் சொல்லிக்கொடுத்த பேச்சு. என் பிள்ளைக்கு அப்படிப் பேசத் தெரியாது.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். விரிசலை வெட்டியெடுக்கவில்லை. கிரைண்டரால் இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினேன். அதன்மேல் பட்டி பூசி, வழவழப்பாகத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "மாமா கை பட்டாச்சு, இனிமே என்ன கவலை?" என்றார். கேட்க ஒரு மாதிரி இருந்தது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தெருமுனை வேகத்தடையிலேயே வண்டி உட்கார்ந்துவிடும், பயணம் நின்றுபோகும் என்று நினைத்ததாகச் சொல்லியிருந்தேன் இல்லையா? அதையும் அடித்துவிடுங்கள். கடலோரம் போகிற வழியில் வரும் மலைச்சாலை இறக்கத்தை மனதில் வைத்துத்தான் செய்தேன். பீரோவையும் வாஷிங் மெஷினையும் பின்கோடியில் ஏற்றிக் கட்டியதும் நான்தான்.

மகள் பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில், "தனியா எதுக்குப்பா, நானும் இவரோடயே போயிடறேன்," என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கதவைப் பிடித்தபடி நின்றேன். இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் என் முகத்திலேயே விழிக்கமாட்டாள், ஒரேயடியாகப் போய்விடுவாள். கதவை நன்றாக அழுத்திச் சாத்தினேன். "பாத்துப் போங்க," என்றேன்.

இறக்கத்தில் வண்டி நடுவில் முறிந்து உருண்டது. மாப்பிள்ளை அங்கேயே போய்ச் சேர்ந்தார். மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி நடக்கமாட்டாள் என்கிறார் டாக்டர்.

இதோ, பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள். தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். நான் உள்ளே போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் கோபம் அப்படித்தான், சீக்கிரம் ஆறிவிடும்.

செய்தது நான்தான், ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?