முட்டிக்கான ஜெபம்

அறந்தாங்கி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "சபையில முட்டி வலின்னு பொய் சொல்லித்தான் ஜெபம் பண்ணச் சொன்னேன்க்கா."

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள் மூத்தவள்.

"வாழவே பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது? எல்லாரும் முட்டிக்கே ஜெபிச்சாங்க. பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து, தரையில உக்காந்து எண்ணெய் தேச்சுவிட்டாங்க. தேய்க்கத் தேய்க்க அழுது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்குறேன்."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லப் போறேன்க்கா."

"முட்டி சரியாயிருச்சுன்னா சொல்லப் போற?"

"இல்லக்கா. முட்டிக்கு ஒண்ணுமே இல்லைன்னு."