பாத்தாச்சுக் கொடி

அப்பல்லாம் நம்ம ஒத்தப்பனைத்துறையில பத்து வீடுகூடக் கெடையாது, மக்கா. வெள்ளைக்காரன் காலம். அதுல ஒரு வீடு கயித்தான் பூட்டனோடது. அவருக்குச் சண்டைக்கப்பல்ல கொடி காட்டுற வேலை. ஒரு கப்பல்காரன் இன்னொரு கப்பல்காரன்கிட்டப் பேசணும்னா, ரெண்டு கையிலயும் கொடியப் பிடிச்சு இப்படி, இப்படி வீசணும். சொன்னது புரிஞ்சா, செவப்பும் வெள்ளையும் வரி போட்ட கொடிய கப்பலோட கொடிமரத்து உச்சிக்கு ஏத்தணும். 'பாத்தாச்சு'ன்னு அதுக்கு அர்த்தமாம். மத்த கொடிக்கெல்லாம் கப்பல நடத்துற கப்பித்தான் உத்தரவு வேணும். பாத்தாச்சுக் கொடிக்கு மட்டும் வேண்டாம். யாரு கூப்பிட்டாலும் பதில் குடுக்கணும், அது சட்டம்.

ஒருநா மத்தியானம் ரெண்டு கப்பலு முன்னும் பின்னுமாப் போவுது. முன்கப்பல்ல பூட்டன். தூரக்கண்ணாடியில பாக்காரு. கவுந்த வள்ளம் ஒண்ணு, அதப் பிடிச்சுக்கிட்டு நாலு தலை. ஒருத்தன் இடுப்புச் சாரத்த அவுத்துத் துடுப்புல கட்டி ஆட்டுறான். ஆட்டுறான், ஆட்டுறான், விடாம ஆட்டுறான்.

பூட்டன் ஓடிப்போயிச் சொன்னாராம். "தொர, எடப்பக்கம் நாலு பேரு தண்ணியில கெடக்காங்க."

அந்தக் கப்பித்தான் நாயி கண்ணாடிய வாங்கிப் பாத்தானாம். நல்லாவே பாத்தானாம். பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? "நாளைக்குப் பெரிய தொர கப்பலப் பாக்க வாறாரு. தளத்துக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு. மீன் கவிச்சியோட இவனுவள ஏத்துனா நாறிப்போவும். நீ ஒண்ணும் பாக்கல, போ."

த்தூ. துப்பாம இந்த எடத்தத் தாண்ட முடியல எனக்கு. அங்க உசுரு போவுது, இவனுக்குப் பெயிண்ட். பூட்டனுக்கு அந்தப் பெயிண்ட் வாடையே பொண நாத்தமா அடிச்சுச்சாம்.

திரும்ப மேல போனாரு. சாரம் இன்னும் ஆடுதாம். கூப்பிட்டவனுக்குப் பதில் குடுக்கணும், அதான சட்டம்? பாத்தாச்சுக் கொடிய உச்சிக்கு ஏத்திட்டாராம்.

பின்கப்பல்காரன் முழிச்சானாம். நாம ஒண்ணும் சொல்லலயே, இவன் யாருக்குப் பதில் சொல்றான்? கொடியாலயே கேட்டான். பூட்டன் ரெண்டு கையையும் வீசி, 'எடப்பக்கம் நாலு பேரு'ன்னாராம். பின்கப்பல் திரும்புச்சு. போய்ச் சேருறதுக்குள்ள ஒருத்தன் முங்கிட்டான். மூணு பேரத்தான் தூக்குனாங்க.

கப்பித்தான் பூட்டன மூணு மாசம் செறையில போட்டு வேலையையும் புடுங்கிட்டான். அதோட விட்டானா? பெரிய தொரகிட்ட, 'நான்தான் பாத்துச் சொன்னேன்'னு பல்லக் காட்டி மெடலும் வாங்கிக் குத்திக்கிட்டானாம். அத நெனச்சா இப்பவும் எனக்குச் சோறு எறங்காது.

பொழச்ச மூணு பேரும் பூட்டனத் தேடி நடந்தே வந்தாங்களாம். அந்தத் துடுப்பத்தான் மேட்டுல நட்டுட்டுப் போனாங்க. இன்னைக்கும் கடல்லருந்து எவன் துணிய ஆட்டுனாலும், கரையில மொதல்ல பாக்குறவன் அந்தத் துடுப்புல செவப்பு வெள்ளைத் துணிய ஏத்திட்டுத்தான் வள்ளத்தத் தள்ளணும். பாத்துட்டுப் பாக்கலன்னவன் வீட்டுல ஒருத்தரும் தண்ணி குடிக்க மாட்டோம்.

வெளியூர்க்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டுக் கேப்பாங்க, உங்க வள்ளத்துக்கு மட்டும் ஏன் பெயிண்ட் அடிக்காம மீனெண்ணெயப் பூசுறீங்கன்னு. நாறட்டும். யாரு வேணும்னாலும் ஏறலாம்.