ரத்து பண்ணது யாரு?

சூசை: கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லித்தானே என்னை இட்டாந்த?

பெர்னதெத்: படிக்கட்டப் பாத்து ஏறுங்க.

சூசை: போர்டுல என்னா... நுகர்வோர் பாதுகாப்புச் சங்கமா? ஏண்டி, முதலியார்பேட்டையில கண்ணாடி நல்லாப் போட்டுக் குடுக்குறாங்கன்னு...

பெர்னதெத்: தெருவுலேருந்து போர்டப் படிக்கிறீங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குது. வாங்க.

செந்தமிழ்ச்செல்வி: வாங்கய்யா, வாங்கம்மா. உக்காருங்க. நேத்து போன்ல பேசினது நீங்கதானே?

பெர்னதெத்: நான்தாம்மா, பெர்னதெத்து. அரியாங்குப்பம். இவரு எங்க வீட்டுக்காரரு, சூசை. அந்த பிரான்சு டிக்கெட்டு விஷயம்.

சூசை: நேத்தே பேசிட்டியா? எனக்குத் தெரியாம?

பெர்னதெத்: உங்களுக்குத் தெரியாம நான் என்னா பண்ணேன்னு ஒரு கணக்கு, எனக்குத் தெரியாம நீங்க என்னா பண்ணீங்கன்னு ஒரு கணக்கு. ரெண்டையும் இங்க பாத்துக்கலாம்.

செந்தமிழ்ச்செல்வி: நான் செந்தமிழ்ச்செல்வி. இங்க வர்றவங்களுக்குப் புகார் எழுதிக் குடுக்குறது நான்தான்.

சூசை: நீங்க வக்கீலாம்மா? வர்ற காசுல எவ்வளோ எடுத்துக்குவீங்க?

செந்தமிழ்ச்செல்வி: ஒரு பைசா கிடையாதுய்யா.

சூசை: ஒரு பைசா கிடையாதுன்னா அதான் பயமா இருக்குது.

பெர்னதெத்: கொஞ்சம் சும்மா இருங்க. எம் புள்ள ஜெரினு பாரீஸ் பக்கத்துல ஓட்டல்ல வேல செய்யுதும்மா. ஜூன் மாசம் அவன் கொழந்தைக்கு ஞானஸ்நானம். இவரு ரிட்டையர் ஆன காசுல ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாரு. அப்புறம் திடீர்னு ஒரு நாளு வந்து, பிளேன் கம்பெனிக்காரன் ரத்து பண்ணிட்டான், பயணம் இல்லன்னுட்டாரு. அதோட சரி. மூணு மாசம் ஆச்சு. காசும் வரல, பேச்சும் இல்ல.

சூசை: வரும்னு சொன்னேன்ல.

பெர்னதெத்: எப்ப? கர்த்தரு ரெண்டாந்தபா வர்றப்பவா?

செந்தமிழ்ச்செல்வி: கவலப்படாதீங்கம்மா. கம்பெனி ரத்து பண்ணியிருந்தா முழுக் காசும் திருப்பித் தரணும். இல்ல, வேற பிளேன்ல அனுப்பணும். எது வேணும்னு சொல்ற உரிமை உங்களுது. அடுத்த தடவ வாங்கன்னு கூப்பன நீட்டினாலும் நீங்க வாங்கணும்னு இல்ல.

சூசை: நல்ல சட்டம். ரொம்ப சந்தோஷம்மா. கெளம்பலாமா பெர்னதெத்து?

செந்தமிழ்ச்செல்வி: இருங்கய்யா. பயணம் போறவங்களே ரத்து பண்ணியிருந்தா கத வேற. பிடிச்சுக்கிட்டுதான் தருவாங்க. அதனால மொதல் கேள்வியே இதுதான். ரத்து பண்ணது யாரு?

பெர்னதெத்: கேக்குறாங்கல்ல, சொல்லுங்க.

சூசை: அவன்தாம்மா. கம்பெனிக்காரன்.

செந்தமிழ்ச்செல்வி: அப்ப மெசேஜ் வந்திருக்கும். காட்டுங்க.

சூசை: வந்துச்சு. அழிஞ்சு போச்சு.

செந்தமிழ்ச்செல்வி: மெயிலு?

சூசை: அதுவும் கூடவே...

பெர்னதெத்: பொங்கலுக்கு எவனோ அனுப்பின கரும்பு படம் இன்னும் அந்தப் போன்ல இருக்குதும்மா. அது அழியல.

சூசை: எடம் ஃபுல்லுன்னு காட்டுச்சு. எதையாவது அழிக்கணும்ல?

செந்தமிழ்ச்செல்வி: சரி, என்னா காரணம் சொன்னாங்க?

சூசை: பனி. அங்க ஒரே பனி.

செந்தமிழ்ச்செல்வி: ஜூன் மாசத்துலயா?

சூசை: பனின்னா சொன்னேன்? ஸ்ட்ரைக்கு. அந்த ஊர்ல ஸ்ட்ரைக்குக்கா பஞ்சம்?

பெர்னதெத்: பாத்தீங்களாம்மா? வீட்ல எங்கிட்ட எஞ்சினு ரிப்பேருன்னாரு.

சூசை: எஞ்சினு ரிப்பேரு பண்றவனுங்கதான் ஸ்ட்ரைக்கு.

செந்தமிழ்ச்செல்வி: ஐயா... டாக்டர்கிட்டயும் எங்கிட்டயும் மறைக்கக் கூடாது. நாளைக்கு அந்தக் கம்பெனி வக்கீலு எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா நம்ம புகாரு படுத்துக்கும்.

பெர்னதெத்: இன்னொன்னும் கேளுங்கம்மா. அன்னியிலேருந்து புள்ள போன் பண்ணா இவரு எடுக்குறதில்ல. ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்தா தவறாம கூப்புடுவான். மணி அடிச்ச ஒடனே இவரு தோட்டத்துக்குப் போயிடுவாரு. எங்க வீட்ல தோட்டமே இல்ல. ஒரே ஒரு முருங்க மரம்.

சூசை: டவர் கெடைக்கல.

பெர்னதெத்: பேரப்புள்ள மொகத்தக் கூட வீடியோவுல பாக்கல. அதுக்கும் டவர் இல்லியா?

சூசை: வீட்டு விஷயத்த எதுக்கு இங்க இழுக்குற? இவங்களுக்கு வேற வேல இல்லியா?

பெர்னதெத்: எனக்கு ஒரு சந்தேகம்மா. காசு எப்பவோ வந்தாச்சு. வந்த காச யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு, புள்ளகிட்ட பேசினா மாட்டிக்குவோம்னு ஓடுறாரு.

சூசை: ஏய்! அடுத்தவங்க முன்னாடி என்னா பேச்சு பேசுற?

பெர்னதெத்: அப்ப காசு எங்க?

சூசை: அது வந்து...

பெர்னதெத்: முப்பது வருஷமா பாக்குறேன். நீங்க காதச் சொறிஞ்சா பொய்யி வரப்போவுதுன்னு அர்த்தம். கைய எடுங்க.

சூசை: சரி! குடுத்துட்டேன். போதுமா? இராமதாஸு வந்து கேட்டான். கூட வேல செஞ்சவன், கஷ்டம்னு வந்து நின்னான். தூக்கிக் குடுத்துட்டேன். நான் தப்பு பண்ணவன்தான். எழுதிக்கங்கம்மா. வா, போவலாம்.

பெர்னதெத்: எந்த இராமதாஸு? போன வாரம் நம்ம வாசல்ல வந்து ரெண்டாயிரம் கைமாத்து கேட்டாரே, அந்த இராமதாஸா?

சூசை: பத்தாமப் போயிருக்கும்.

பெர்னதெத்: ரெண்டு பிளேன் டிக்கெட்டு காசு பத்தாமப் போச்சு. அந்த மனுஷன் சைக்கிளுக்கு டயரு கூட மாத்தலியே!

செந்தமிழ்ச்செல்வி: அம்மா, ஐயா, ரெண்டு பேரும் இருங்க. இதுக்கு ஒரே வழிதான். புக்கிங் நம்பர நேத்தே அம்மா குடுத்துட்டாங்க. இப்பவே கம்பெனிக்குப் போன் போடுறேன், ஸ்பீக்கர்ல. ரத்து பண்ணது யாரு, காசு எங்க போச்சு... ரெண்டையும் அவங்களே சொல்லட்டும்.

சூசை: அதெல்லாம் வேணாம்மா.

செந்தமிழ்ச்செல்வி: ரெண்டு நிமிஷ வேலய்யா.

சூசை: உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்மா.

செந்தமிழ்ச்செல்வி: ரிங் போவுது...

சூசை: வையிம்மா போன! நான்தான்! நான்தான் ரத்து பண்ணேன்!

செந்தமிழ்ச்செல்வி: வெச்சுட்டேன், வெச்சுட்டேன். உக்காருங்கய்யா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

சூசை: பெர்னதெத்து... நீ கொஞ்ச நேரம் வெளிய இரு.

பெர்னதெத்: போவ மாட்டேன்.

சூசை: சொன்னாக் கேளு. உனக்குத் தாங்காது.

பெர்னதெத்: தாங்கும். சொல்லுங்க.

சூசை: உம் புள்ள போன் பண்ணான். நீ மீன் வாங்கப் போயிருந்த. வராதீங்கப்பான்னான். வீட்ல எடம் இல்லியாம். மாமனாரு வீட்டு ஆளுங்க வர்றாங்களாம். இன்னொரு வருஷம் பாத்துக்கலாமாம். லோன் இல்லன்னு பேங்க் மேனேஜரு சொல்லுவான் பாரு, அப்பிடிப் பேசினான். பெத்த புள்ள.

செந்தமிழ்ச்செல்வி: ஐயா... அழாதீங்க.

சூசை: நீ பேரப்புள்ளைக்கு வெள்ள கவுனு தெச்சுக்கினு இருந்த. தெருவெல்லாம் சொல்லிட்ட. பிரான்சு பட்டாளத்துல இருந்தாரே, அந்த சொல்தா வீட்டு ஜூலிகிட்ட போயி ஸ்வெட்டரு கூட வாங்கியாந்து வெச்சிருந்த. அந்த மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்? கம்பெனி மேல பழியப் போட்டேன். கம்பெனிக்கு வலிக்காது.

செந்தமிழ்ச்செல்வி: அப்ப அந்தக் காசு?

சூசை: பிடிச்சது போவ பாதிதான் வந்துச்சு. பேங்க்ல அப்பிடியே கெடக்குது. அத நெனச்சாலே அவன் பேசினது காதுல விழுவுது.

செந்தமிழ்ச்செல்வி: டாக்ஸும் ஏர்போர்ட் கட்டணமும் அவங்க பிடிக்கக் கூடாதுய்யா. அதக் கேட்டு நான் வேணும்னா...

சூசை: வேணாம்மா. புள்ளையே போயிட்டான், டாக்ஸு வந்து என்னா ஆவப் போவுது? அவன் போன இந்த ஜென்மத்துல எடுக்க மாட்டேன். நாளைக்கு நான் செத்தாக் கூட அவன் வர வேணாம். வீட்ல எடம் இல்லன்னு சொல்லிடு.

பெர்னதெத்: போதுங்க! அவனத் திட்டாதீங்க.

சூசை: இதுக்கப்புறமும் அவன் பக்கமா?

பெர்னதெத்: எனக்கு எல்லாம் தெரியும். கம்பெனி ரத்து பண்ணல, இராமதாஸும் வாங்கல. நீங்க வீட்டுக்குள்ள வந்து எஞ்சினு ரிப்பேருன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கே தெரியும்.

சூசை: அன்னிக்கேவா? தெரிஞ்சுக்கினா என்னைய இவ்வளோ நேரம் போட்டு வறுத்த? எதுக்குடி?

பெர்னதெத்: உங்க பொய்ய நீங்க எறக்கி வெச்சாத்தானே என் பொய்ய நான் எறக்கி வெக்க முடியும்? எடம் இல்லன்னு சொல்லுடான்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாங்க. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில உங்க நெஞ்சு வலிக்குக் காட்டப் போனோமே, அன்னிக்கு நீங்க டீ குடிக்கப் போனப்ப டாக்டரு என்னைத் தனியாக் கூப்ட்டு, இந்த நெஞ்ச வெச்சுக்கினு இவரு பிளேன் ஏறக் கூடாதுன்னாரு. நான் சொன்னா நீங்க நின்னுருப்பீங்களா? புள்ள மேல கோவம் வந்தாத்தான் நிப்பீங்க. அவன், என்னால முடியாதும்மா, அப்பா அப்புறம் எங்கிட்ட பேசவே மாட்டாருன்னு போன்லயே அழுதான். ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாருடா, அப்புறம் மன்னிச்சுடுவாரு, எனக்கு அவரத் தெரியும், நீ சொல்லுன்னு... நான்தாங்க சொன்னேன்.