கருப்பனிடம் பூக் கேட்டது

— சிவப்பு வந்துருச்சுத்தா. அம்புட்டுத்தான். ஆப்பரேசன் வேணாம்.

— ஏம்ப்பா, உங்களுக்கென்ன கிறுக்கா? நெஞ்சுல மூணு எடத்துல அடைப்பு இருக்குன்னு டாக்டரு படத்தைக் காட்டிச் சொல்றாரு. நீங்க ரெண்டு பூவை எலையில மடிச்சு வச்சுட்டு வந்து வேணாங்கறீங்க!

— கருப்பன் காலடியில வச்சு நானே எடுத்தேன். வெள்ளை வந்தா உத்தரவு, சிவப்பு வந்தா இல்லை. செவ்வரளிதான் வந்துச்சு.

— அரளிப் பூவுக்கு உங்க நெஞ்சுவலி தெரியுமாக்கும்?

— திவ்யா, வாய அடக்கு. ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டிப் போனதும் உனக்குச் சாமி ஆகாமப் போச்சு. பெத்த பிள்ளைக்கு மொட்டை போடக்கூட இங்க வரல.

— வீடு கட்டிப் போயி ஒண்ணும் விடல. அம்மா செத்த அன்னைக்கே விட்டுட்டேன்.

— மாயக்காளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்.

— எப்படிப்பா வாய் கூசாமச் சொல்றீங்க? ஆப்பரேசன் பயமா இருக்குன்னு அழுத மனுசிய, வெள்ளைப் பூ வந்துருச்சு, கருப்பனே சொல்லிட்டான்னு கூட்டிட்டுப் போனோமே. திரும்பி வந்துச்சா?

— வரல.

— அப்புறமும் அவன்கிட்டயே போயி கையக் கட்டி நிக்கிறீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது!

— கத்தாத. கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுற ஆளுக நிக்கிது.

— கேக்கட்டும். திங்கக்கிழமை உங்களை ஆஸ்பத்திரியில சேக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? அம்மாவும் இல்ல. உங்களையும் வாரிக் குடுத்துட்டு, சோழவந்தான்ல நான் யாரைப் பாக்க பஸ் ஏறுவேன்?

— அழுவாத தாயி. சேலையில தொடச்சுக்க.

— அப்ப வாங்க.

— வர முடியாதுத்தா.

— சரி, அப்ப நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் பூவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அம்மாவுக்குக் கேட்டப்ப பொட்டலம் மடிச்சது நான்தான? பிளஸ் டூ படிச்சிட்டிருந்தேன். எப்படியாச்சும் நீங்க சரின்னு சொல்லணும், அம்மா பொழைக்கணும்னுதான்ப்பா...

— சொல்லாத.

— இல்ல, நீங்க கேக்கணும்.

— வேணாம். எனக்குத் தெரியும். கருமாதி முடிஞ்சு கோயிலுக்குப் போனேன். நான் எடுக்காத பொட்டலம் பீடத்துக்குப் பின்னால கெடந்துச்சு. பிரிச்சேன். காஞ்சு போயிருந்தாலும் தெரிஞ்சுச்சு. அதுவும் நந்தியாவட்டைதான். வெள்ளைதான்.

— அப்பா!

— உக்காரு.

— தெரிஞ்சுமா இத்தனை வருசம் கும்பிட்டீங்க? தெரிஞ்சுமா இன்னைக்கு ஒரு சிவப்புப் பூவுக்காக உசிர விடப் போறீங்க?

— இன்னைக்குச் சிவப்பு சாமி குடுக்கலைன்னு நான் தள்ளிட்டு வந்தேன்னா, அன்னைக்கு வெள்ளையும் சாமி குடுக்கலைன்னு ஆயிரும். அப்புறம் உங்கம்மாவ அனுப்பி வச்சது நீயின்னுல்லத்தா ஆகும்?